சீக்கிரம் ஆறிவிட்ட முழங்கால்

முழங்கால் குணமாகிவிட்டதே என்று வருத்தப்பட்ட ஒரே மனுஷர் நம்ம லிஃப்ட் மெக்கானிக்காகத்தான் இருப்பார்.

வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்ட் குழிக்குள் மண்டியிட்டு மண்டியிட்டு, இடது மூட்டின் உள்பக்கம் தேய்ந்துபோனது. ரிட்டயர் ஆன பிறகு ஆபரேஷன். டாக்டர் முழு மூட்டில் கைவைக்கவில்லை. தேய்ந்த பாதியை மட்டும் எடுத்துவிட்டுப் புதுசு பொருத்தினார். கொஞ்ச நாளைக்கு வெளியே நடக்கும்போது வீட்டம்மா கையைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டம்மா பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் அவர் விரலைக்கூடத் தொட்டதில்லை. பிள்ளைகள் பார்த்தால் என்ன நினைக்கும் என்பாள். இப்போது டாக்டரே சொல்லிவிட்டார். தினமும் சாயங்காலம் அவர் முழங்கையோடு கையைக் கோத்துக்கொண்டு பூங்காவரைக்கும் நடந்தாள். மெதுவாக நடந்தாள். எந்த டீச்சர் யாரோடு முறைத்துக்கொண்டாள் என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பாழாய்ப்போன மூட்டு அதற்குள் மளமளவென்று ஆறித் தொலைத்தது. பாதி மூட்டு மாற்றினால் சீக்கிரம் ஆறுமாம். முழுசாக மாற்றியிருந்தால் அந்தக் கை இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருக்குமே என்று மனுஷர் ஏங்கிப்போனார். குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு காலை மடக்கிப் பார்ப்பார். தங்கமாக மடங்கும். கதவைத் திறந்ததும் நொண்டுவார்.

"இன்னும் வலிக்குதா?"

"உள்ளுக்குள்ள ஒரு மாதிரி இழுக்குது."

அவ்வளவுதான், கை வந்துவிடும். அந்தக் கைக்காக ஆயுசு முழுக்க நொண்டலாம் என்று முடிவே கட்டிவிட்டார்.

ஒரு நாள் நடந்துவிட்டுத் திரும்பினால், குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோயிருந்தது. ஆள் நாளைக்குத்தான் வருவான் என்றார் காவலாளி. வீட்டம்மா மாடிப்படியை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, முகம் வாடி காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேலே மோட்டார் முனகுவது மெக்கானிக் காதில் விழுந்தது. பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது! இதற்குப் போய் நாளைக்கு ஆள் வருவதா? காவலாளி கையிலிருந்த மோட்டார் ரூம் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி மொட்டைமாடிக்கு ஓடினார். மெயினை அணைத்து, பிரேக்கைச் சரிசெய்து, மறுபடி மெயினைப் போட்டு, அதே லிஃப்டில் ஜம்மென்று இறங்கினார்.

பாதி வழியில், லிஃப்ட் கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கதவு திறந்ததும் வேறு வழி தெரியாமல் நொண்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"படியில ஓடினப்ப இழுக்கலையா?" என்றாள் வீட்டம்மா.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். "சரியாயிடுச்சுன்னு சொன்னா நீ கையை எடுத்துடுவியேன்னு பயந்துட்டேன்."

அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டு எழுந்தாள். "நீங்க நடிக்கிறது எனக்கு எப்பவோ தெரியும்."

"தெரிஞ்சுமா பிடிச்சுக்கிட்டு வந்த?"

"நான் எங்க உங்களைத் தாங்கினேன்? எனக்கு வலது மூட்டு போயிடுச்சுங்க. உங்க மேல சாஞ்சுக்கிட்டுதான் இத்தனை நாளும் நடந்தேன்."

பெண்டாட்டி மூட்டு தேய்ந்துபோனதற்கு ஒரு புருஷன் சந்தோஷப்படலாமா? பட்டார். இருவரையும் ஏற்றிக்கொண்டு லிஃப்ட் மேலே ஏற ஏற, அவர் மனசு அதைவிட வேகமாக ஏறியது. இனி நொண்டவே வேண்டாம். ஆயுசுக்கும் இந்தக் கை தனக்குத்தான்.

"அப்ப இனிமே தினமும் என்னைப் பிடிச்சுக்கிட்டுதான் நடப்பியா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"அடுத்த மாசம் வரைக்கும். அதே டாக்டர்கிட்ட எனக்கும் தேதி வாங்கிட்டேன். பாதி மூட்டுதானாம், சீக்கிரம் ஆறிடுமாம்" என்றாள். "ஆறினதும் உங்களை மாதிரி நடிச்சுக்கிட்டு இருக்க மாட்டேன். கையை விட்டுடுவேன்."