கதவு திறக்கிறது

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" மச்சினன் ஹெட்போனைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான்.

இப்படி ஆரம்பிக்கிற எந்தப் பேச்சும் நல்லபடியாக முடிந்ததில்லை என்று டைரக்டருக்குத் தெரியும். ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்து, "சொல்லு மாப்ள. விமர்சனத்துக்குப் பயந்தவன் படமே எடுக்கக் கூடாது" என்றார்.

"'கதவு மெல்லத் திறக்கிறது... இன்னும் திறக்கிறது... இப்போது பாதி திறந்திருக்கிறது.' எதுக்கு மாமா இதெல்லாம்? படம் பாக்கறவனுக்குக் கண்ணு இருக்கில்ல?"

"அது சாதாரணக் கதவு இல்ல மாப்ள."

"தெரியும். நம்ம குடும்பத்துல அது எல்லாருக்கும் தெரியும்."

உண்மைதான். டைரக்டர் தன் வாழ்நாளில் எடுத்தது ஒரே ஒரு படம். அதன் முதல் காட்சியில் ஒரு பழைய வீட்டின் கதவு திறக்கும். திறக்கும் என்றால் நீங்களும் நானும் திறப்பது மாதிரி இல்லை. அது பாட்டுக்குத் திறந்துகொண்டே இருக்கும். தியேட்டரில் அந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்று அவரிடம் கேட்பதில்லை என்பது வீட்டில் எழுதாத சட்டம்.

படம் வெளியான அன்று தியேட்டரின் கடைசி வரிசையில் அவர் நின்றிருந்தார். கதவு முக்கால்வாசி திறந்தபோது ஒருவர் எழுந்து வெளியே நடந்தார். டைரக்டர் பின்னாலேயே ஓடி, "சார், அப்புறம் என்ன ஆச்சுன்னு பாக்க வேண்டாமா?" என்று கேட்டார். "என்ன வேணாலும் ஆகட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் பஸ் ஏறிவிட்டார். அது டைரக்டர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. விருதும் மாலையும் அவருக்கு வேண்டாம். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று அந்தப் படத்தைப் பற்றி ஒரே ஒரு ஆள் தன்னிடம் கேட்டால் போதும்.

இப்போது அவர் தொழிற்சாலைகளுக்காக, தீப்பிடித்தால் என்ன செய்வது என்று விளக்கும் படங்கள் எடுக்கிறார். அவற்றை ஆட்கள் கடைசிவரை பார்க்கிறார்கள். வருகைப் பதிவைப் படம் முடிந்த பிறகுதான் எடுப்பார்கள்.

இந்த நிலைமையில்தான் ஒரு கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "உங்க படம் பார்த்தேன் சார். அந்தப் படத்தைப் பத்தி நீங்களே பேசிப் பதிவு பண்ணிக் கொடுக்கணும். எங்க ஆப்புல போடறோம்" என்றாள். அதற்குப் பிறகு தங்கள் கம்பெனி என்ன, ஆப் என்ன, கேட்பவர்கள் யார் என்று நெடுநேரம் விளக்கினாள். 'உங்க படம் பார்த்தேன்' என்பதற்குப் பிறகு டைரக்டரின் காதில் ஒன்றும் விழவில்லை.

படம் ஓட ஓட அதை எடுத்தவரே பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பதிவு செய்வார்களே, கமெண்டரி, அதைத்தான் கேட்கிறாள் என்று புரிந்துகொண்டார். பெரிய பெரிய டைரக்டர்கள் செய்வது. அன்றே முதல் காட்சிக்குப் பேசி, செல்போனில் பதிவு செய்து அனுப்பினார். "இதேதான் சார் வேணும். முழுப் படத்துக்கும் இப்படியே பேசிக் கொடுங்க" என்று உடனே பதில் வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பெருமை தாங்காமல் மச்சினனிடம் போட்டுக் காட்டினார். மச்சினனோ அலமாரி நிறைய சினிமா டிஸ்க் அடுக்கி வைத்து, படத்தை விட்டுவிட்டுக் கமெண்டரியை மட்டும் கேட்கிற ரகம்.

"கண்ணுக்குத் தெரியறதைச் சொல்றவன்தான் மாமா இருக்கறதுலயே மட்டம். தெரியாததைச் சொல்லுங்க" என்று தீர்ப்பு வழங்கினான்.

"என்னங்க, கம்பெனிக்காரங்களுக்குப் பிடிச்சிருக்குல்ல? அப்படியே கொடுத்துட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"உனக்குத் தெரியாது. இது சரித்திரத்துல நிக்கப்போற விஷயம்" என்றார் டைரக்டர்.

அடுத்த நாள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள். கூடம் என்றால் ஒரு மரச்சாமான் கடையின் மாடியில், கீழே இழைப்புளி ஓடும்போதெல்லாம் ரெக்கார்டிங்கை நிறுத்த வேண்டிய ஓர் அறை. அதன் சொந்தக்காரர் டைரக்டரின் படத்துக்கே சவுண்ட் என்ஜினியராக இருந்தவர். பழைய பாவத்துக்குப் பரிகாரம் மாதிரி இலவசமாக இடம் கொடுத்தார்.

டைரக்டர் கண்ணுக்குத் தெரியாததைச் சொல்ல ஆரம்பித்தார். கதவைச் செய்த தச்சர், தச்சரை அறிமுகப்படுத்திய நண்பர், கதவை ஏற்றி வந்த வேன் டிரைவர், வேன் டிரைவருக்கு அன்று லீவு கொடுத்த முதலாளி. எல்லோரும் அருமையான மனிதர்கள். எல்லோரும் தன் குடும்பம் மாதிரி. எல்லோருக்கும் நன்றி.

மச்சினன் கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து கையை ஆட்டி நிறுத்தினான். "மாமா, இது கமெண்டரி இல்ல, கல்யாணப் பத்திரிகை. பேர் பேரா வாசிக்கறீங்க. யாரையும் புகழாதீங்க. மனசுல என்ன தோணுதோ அதை மட்டும் சொல்லுங்க."

மறுபடி படம் ஓடியது. டைரக்டர் திரையைப் பார்த்தார். நெடுநாளைக்குப் பிறகு பெரிய திரையில் பார்க்கிறார். கதாநாயகி ஜன்னலருகே நின்று மழையைப் பார்த்தாள். "இந்த இடம்..." என்றார். அப்புறம் பேச்சே இல்லை. கதாநாயகி மழையைப் பார்த்தாள், டைரக்டர் கதாநாயகியைப் பார்த்தார், என்ஜினியர் மைக் போய்விட்டது என்று நினைத்து மேஜைக்கடியில் புகுந்து ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார்.

"பேசுங்க மாமா."

டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு நல்லா எடுத்திருக்கேன் மாப்ள."

அவர் அதைக் கர்வமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுச் சொன்னார். மச்சினனுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. அதனால்தான் அடுத்த யோசனையைச் சொன்னான்.

"தனியா பேசினா இப்படித்தான் ஆகும். கூட ரெண்டு பேரை உட்கார வைப்போம். கலகலன்னு இருக்கும்."

படத்தின் கேமராமேனும் வில்லனாக நடித்தவரும் மறுநாள் வந்தார்கள். கேமராமேன் இப்போது பாஸ்போர்ட் படம் எடுக்கிறார். வில்லன் கார் கழுவும் நிலையம் வைத்திருக்கிறார். மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே மைக் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"அந்த பக்கெட் ஞாபகம் இருக்கா?" என்றார் கேமராமேன்.

"ஐயோ, பக்கெட்டு" என்றார் வில்லன்.

மூவரும் சிரித்தார்கள். காட்சி முடியும்வரை சிரித்தார்கள். அடுத்த காட்சியில் ஒரு சாவு, அதிலும் சிரித்தார்கள். என்ன பக்கெட், அதில் என்ன இருந்தது, யார் தலையில் விழுந்தது என்பதைக் கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை. மச்சினன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

சிரிப்பு ஓய்ந்ததும் வினை வந்தது. "அந்தக் கதவை ஏன் அவ்வளவு மெதுவா திறக்க வைச்சேன் தெரியுமா? காலம்ங்கிறது..." என்று டைரக்டர் கம்பீரமாக ஆரம்பித்தார்.

"கீல் துருப்பிடிச்சிருந்தது. எண்ணெய் போடச் சொன்னேன், நீ கேக்கல" என்றார் கேமராமேன்.

"துருவாவது கிருவாவது. கதவுக்குப் பின்னாடி நின்னு தள்ளினது நான்தானே? நீங்க லைட் போட்டு முடிக்கறதுக்குள்ள நின்னபடியே கண்ணசந்துட்டேன். சாய்ஞ்ச சாய்ப்புல அதுவா திறந்துது" என்றார் வில்லன்.

டைரக்டரின் முகம் செத்துப்போயிற்று. இத்தனை வருடமாக அவர் காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒருவரின் குட்டித் தூக்கம். "வெளிய போங்கடா" என்று கத்தினார். "படம் ஓடின லட்சணத்துக்குக் கோபம் வேற" என்று வில்லன் எழுந்தார். எழுந்த வேகத்தில் மைக் ஸ்டாண்டு கண்ணாடியில் மோதிய சத்தம் உட்பட எல்லாம் பதிவாயிற்று.

மச்சினனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான் மாமா கமெண்டரி. உயிர் இருக்கு. அப்படியே அனுப்புங்க."

அனுப்பினார்கள். மறுநாளே அந்தப் பெண் போன் செய்தாள். குரலில் பழைய உற்சாகம் இல்லை.

"சார், இதைக் கொஞ்சம் பேருக்குப் போட்டுப் பார்த்தோம். அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துட்டாங்க."

"அப்படியா" என்றார் டைரக்டர், மச்சினனைப் பார்த்துக் கண்ணடித்து.

"அது வேண்டாம் சார். முதல்ல அனுப்பினீங்களே, அந்தக் கதவு, அது மாதிரிதான் வேணும். நாங்களும் எத்தனையோ பேர்கிட்ட முயற்சி பண்ணிட்டோம். உங்ககிட்ட அசிஸ்டெண்டா இருந்தாராமே, அவரைக்கூடப் பேச வைச்சோம். சரிப்படல."

டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார். அந்த அசிஸ்டெண்ட் ஒரு காலத்தில் அவருக்கு கிளாப் அடித்தவன். இன்றைக்கு எடுத்ததெல்லாம் வெள்ளிவிழா. குடும்பத்தில் யார் வீட்டு விசேஷமானாலும் சாப்பாட்டுப் பந்தியில் அவன் பேச்சு வராமல் இருக்காது.

"அவன் பேசினது சரிப்படலையா?"

"ரொம்ப விறுவிறுப்பா பேசறார் சார். உங்க நிதானம் யாருக்கும் வராது. எங்க ஆளுங்க லைட்டையெல்லாம் அணைச்சுட்டுத்தான் கேப்பாங்க. அவங்களுக்கு உங்க குரல்தான் சரி."

"லைட்டை அணைச்சுட்டா? அதுதாம்மா ரசனை" என்றார் டைரக்டர்.

அதற்குப் பிறகு அவர் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முழுப் படத்துக்கும் தன் பாணியில் பேசி முடித்தார். கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. கதாநாயகி படியேறினாள், ஒவ்வொரு படியையும் சொன்னார். கடைசியில் நிமிர்ந்து பார்த்தபோது என்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டு கன்சோல்மேல் கன்னத்தை வைத்திருந்தார். லயித்துப்போய்விட்டார் என்று டைரக்டர் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

ஆப்பில் வெளியான சில வாரங்களில் அந்தப் பெண் மறுபடி போன் செய்தாள். "எங்ககிட்ட இருக்கறதுலயே உங்களுதுதான் சார் முதல் இடம். லட்சம் பேருக்கு மேல கேக்கறாங்க. ஒரு தடவை கேட்டவங்க தினமும் வந்து கேக்கறாங்க."

"தினமுமா?"

"தினமும். ஆனா ஒண்ணு, யாரும் முதல் காட்சியைத் தாண்டறதில்ல."

மச்சினன் முகத்தில் லேசாகச் சிரிப்பு எட்டிப்பார்த்தது. டைரக்டர் அதைக் கவனித்து, "இதுல சிரிக்க என்ன இருக்கு? ஒவ்வொரு நாளும் அந்த ஒரு காட்சியையே திரும்பத் திரும்ப ஆழ்ந்து கேக்கறாங்க. நல்ல புஸ்தகத்துல ஒரு பக்கத்தைத் தாண்ட முடியாம உட்கார்ந்திருப்போமில்ல, அது மாதிரி" என்று விளக்கினார்.

லட்சம் என்ற சொல்லுக்கு முன்னால் மச்சினனும் என்ன செய்வான்? "ஒத்துக்கறேன் மாமா. உங்க பாணியை எடைபோட எனக்குத் தகுதி இல்ல" என்று கைகுவித்தான். மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம், "இவரோட கமெண்டரியை லட்சம் பேர் கேக்கறாங்களாம்" என்று சொன்னது சுவரைத் தாண்டிக் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் தன்னைப் பற்றி வெளியாரிடம் பெருமையாகப் பேசி அவர் கேட்டதில்லை. டைரக்டருக்குத் தரையில் கால் பாவவில்லை.

பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. மனைவியோடு தெருமுனையில் புதிதாகத் திறந்திருந்த மருந்துக்கடைக்குப் போனார்.

"தொண்டைக்கு ஏதாவது மாத்திரை கொடுங்க. மெதுவா... சப்பிச் சாப்பிடற மாதிரி..." என்றார் தன் நிதானமான குரலில்.

அலமாரிப் பக்கம் திரும்பியிருந்த கடைக்காரர் அப்படியே நின்றார். கண்கள் சிவந்து, கன்னம் ஒட்டிய மனிதர். ஆனால் முகத்தில் ஒரு புதுத் தெளிவு. மெல்லத் திரும்பினார்.

"இந்தக் குரல்... சார், 'கதவு மெல்லத் திறக்கிறது', அது நீங்களா?"

டைரக்டர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். கேட்டுக்கொண்டாயா என்று அர்த்தம்.

"நான்தான்."

கடைக்காரர் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டுத் துண்டால் துடைத்து உட்காரவைத்தார். "எங்க வீட்டுல எங்கம்மா, சம்சாரம், நான், எல்லாருமே உங்க ரசிகருங்க சார். தினமும் உங்களைக் கேக்காம இருக்கறதில்ல. இந்தத் தெருவுல நாலஞ்சு வீட்டுக்கு நானே சொல்லியிருக்கேன். நீங்க தெய்வம் சார்."

"பரவாயில்ல, பரவாயில்ல" என்றார் டைரக்டர். கண் கலங்கியது. அன்று பஸ் ஏறிப்போன மனிதர் எங்கேயாவது நின்று இதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

மாத்திரைக்குக் காசு வாங்க மறுத்துவிட்ட கடைக்காரர், கொஞ்சம் தயங்கினார். தலையைச் சொறிந்தார். "சார், உங்களை நேர்ல பார்த்தா ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

"தாராளமா கேளுங்க."

"அந்தக் கதவு திறந்துச்சே, அப்புறம் என்ன சார் ஆச்சு? நானும் தூக்க மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு அந்த தூக்க ஆப்புல உங்களைத்தான் கேக்கறேன், ஆனா கதவு முழுசா திறக்கற வரைக்கும் முழிச்சிருக்க எங்க வீட்டுல இன்னும் ஒருத்தராலயும் முடியல."