மீனுக்கும் கோழிக்கும் ஒரே மடிப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீயும் அத்தானும் நலமாக இருங்கள். நானும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அடுத்த ஞாயிறு காலை ரயிலில் ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஸ்டேஷனுக்கு வா. அம்மாவிடம் மூச்சு விடாதே.

நீ கம்பெனி பேக்கிங்கில் சட்டையை மடிக்கும்போது காலரும் கீழ்விளிம்பும் தொட்டுக்கொள்ளுமே, அப்படித்தான் நம் உயிரணு ஒவ்வொன்றுக்குள்ளும் ஆளைவிட நீளமான டி.என்.ஏ. இழை மடிந்து கிடக்கிறது. எது எதைத் தொடுகிறது என்பதைப் பொறுத்து மரபணுக்களின் வேலையும் மாறலாம். மீன், தவளை, கோழி, எலி என்று முதுகெலும்புள்ள உயிர்களில் அந்த மடிப்பு எங்கே மாறியது, எங்கே மாறவில்லை என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுப் பார்ப்பதுதான் இந்த ஆய்வகத்தில் என் வேலை. திங்கட்கிழமை மீன் படமும் கோழி படமும் ஒரு புள்ளி பிசகாமல் ஒன்றாக இருந்தன. ஒரே மூதாதையிலிருந்து இரண்டும் பிரிந்து நாற்பது கோடி ஆண்டுக்கு மேலாகியும் ஒரு மடிப்புகூடக் கலையவில்லையே என்று எங்கள் பேராசிரியர் கூட்டமே கூட்டிவிட்டார். அக்கா, எட்டு மாதமாக நான் வாயைத் திறந்தது லிஃப்டில் "மூணாவது மாடி" என்று சொல்லத்தான். மதியச் சாப்பாடு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நின்றபடி. அதன் இரைச்சல் பேச்சுத்துணை மாதிரி இருக்கும். அன்றைக்குக் கூட்டம் முடிந்த பிறகுதான் ஆய்வகத்து சீனியர் அக்கா ஒருவர் வந்து, "ஏம்மா, நீ எப்போ சேர்ந்த?" என்றார். "எட்டு மாசமாச்சு." "அடிப்பாவி! ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு வந்த பொண்ணுன்னுல்ல நெனச்சேன்! வா, சாப்பிடலாம்." போனேன். மறுநாள் காலையில் பார்த்தால், மீன் படத்துக்கும் கோழி படத்துக்கும் கோழியின் தகவல் இருந்த ஒரே கோப்பைத்தான் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருக்கிறேன். கோழியைக் கோழியோடு ஒப்பிட்டால் ஒன்றாக இல்லாமல் என்ன செய்யும்? சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மறுபடி தனியாகத்தானே சாப்பிட வேண்டும்? நான்கு நாளாகக் கோழி தயவில் எல்லோரோடும் சிரித்துச் சிரித்துச் சாப்பிடுகிறேன், ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. அடுத்த வாரம் இதை நாலு பேர் கூடும் சபையில் பேசப்போவதாகப் பேராசிரியர் திங்கட்கிழமைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அதனால் நடந்ததையெல்லாம் எழுதி, வேலையை விடுகிறேன் என்றும் எழுதி, அவர் இல்லாத நேரம் பார்த்து மேசையில் வைத்துவிடப் போகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு முத்தம்; அவளாவது நல்ல வாயாடியாக வளரட்டும்.

உன் தங்கை

பி.கு.: ஸ்டேஷனுக்கு வராதே. மேசையில் வைக்கப் போனால் பேராசிரியர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "தெரியும்மா. செவ்வாய்க்கிழமையே கோப்பைத் திறந்து பாத்துட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. உன்கிட்ட சொல்லத்தான் ஆளாளுக்குக் கூச்சம். போய் மீன் கோப்பைக் கொடுத்து மறுபடி படம் போடு" என்றார். அக்கா, அப்படியானால் புதன், வியாழன், இன்று, மூன்று நாளும் தெரிந்துதான் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்களா?