விட்டால் விழுந்துவிடும்

இந்தப் பிறவியில் இனி ஜன்னல் துடைப்பதில்லை என்று ஒரு சனிக்கிழமை காலையில் தீர்மானம் செய்தேன். தீர்மானத்தின் சூடு ஆறவில்லை. என் மனைவி றோசலின் வாளியும் கந்தைத் துணியுமாக முன்னால் வந்து நின்றாள்.

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். தோட்டம் கொடுத்த வீட்டில் குடியிருப்பு. ஜன்னல் சட்டமெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துப் பலகை. பெயின்ட் மாவாகிவிட்டது. தொட்டால் கை வெள்ளை. சாய்ந்தால் கோட்டு வெள்ளை. பள்ளிக்கூடத்திலும் சாக்குக்கட்டி, வீட்டிலும் சாக்குக்கட்டி. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்ததோ வெறும் சாக்கு.

அட்டன் டவுன் தியேட்டரில் மெட்டினிப் படம் பார்க்க இரண்டு பேருக்கான பாஸ் ஒன்று என் கோட்டுப் பையில் இருந்தது. கூட்டாளி அழகுமுத்துவும் நானும் போவதாக ஏற்பாடு. வீட்டில் சொன்னது, ஆசிரியர் கூட்டம்.

"ஜன்னல மட்டும் தொடச்சுக் குடுத்துட்டுக் கூட்டத்துக்குப் போங்க."

"தொடைக்கவா? சட்டம் உளுத்துப் போச்சு றோசலின். துணி பட்டாலே கண்ணாடி கழண்டு விழுந்திரும்."

"அவ்வளவு மோசமா?"

"அழுக்குதான் அதத் தாங்கிக்கிட்டு இருக்கு."

அவள் யோசித்தாள். என் கோட்டைத் தூசி தட்டி ஆணியில் மாட்டினாள். மறுபடி யோசித்தாள்.

"அப்ப நீங்க வெளியில நின்னு ரெண்டு கையாலயும் தாங்கிப் பிடிங்க. நான் உள்ள தொடைக்கிறேன்."

"கூட்டத்துக்கு நேரமாச்சே..."

"கண்ணாடி ஒடஞ்சா தோட்டத்துத் தொரைக்கு யாரு பதில் சொல்றது?"

என் பொய்யை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். வெளியே போய்ச் சட்டத்தோடு சேர்த்துக் கண்ணாடியைப் பிடித்தேன். உள்ளே அவள் சோப்புத் தேய்த்தாள். நுரைக்குள் அவள் முகம் மறைந்தது.

"விட்டுறாதீங்க!"

"விடல!"

"சோப்பு ஊறணும். நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க!"

அப்போதுதான் பனிமூட்டம் இறங்கியது. தேயிலை மலை போனது. ரோடு போனது. நானும் ஜன்னலும்தான் மிச்சம். கொழுந்து பறிக்கிற பெண்களின் பேச்சு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. கண்ணை மூடினேன். வீடு தரையை விட்டு மெல்ல எழும்பியது. நான் கையை எடுத்தால் அது வட்டகொடைப் பக்கமாக மிதந்து போய்விடும். உள்ளே என் றோசலின், சட்டி பானையோடு, தலையணையோடு, மேகத்துக்குள் தன்னந்தனியாக! ஐயோ பாவம் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவள்மேல் பிரியம் பொங்கியது. அழகுமுத்து கிடக்கிறான், அடுத்த படத்துக்கு இவளையே கூட்டிப் போகவேண்டும் என்று நினைத்தேன். கீழே எங்கேயோ பஸ் ஹாரன் அடித்தது. அதுகூடக் கனவில் கேட்ட மாதிரிதான் இருந்தது.

"றோசலின், ஊறிருச்சா?"

பதில் இல்லை. களைத்துப் போயிருப்பாள்.

பனிக்குள்ளிருந்து ஒரு தலைப்பாகை வந்தது. பிறகு அதற்குக் கீழே செல்லசாமி வந்தான். பக்கத்து வீட்டுக்காரன், தோட்டத்துத் தச்சன்.

"என்னங்க மாஸ்டர், பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

"கிட்ட வராத! விட்டா கண்ணாடி விழுந்திரும்."

"எப்படிங்க விழும்? ஒங்க வீட்டம்மா சொல்லி, போன கிழமதானே நான் புட்டிப் பசை வச்சு ஆணி அடிச்சேன். யானை மோதினாலும் அசையாது."

அந்த ஜன்னலை நான் நிமிர்ந்து பார்த்தே எத்தனையோ காலம். எனக்கென்ன தெரியும்?

"றோசலின் சொல்லவே இல்லையே!"

"அம்மா எங்க வீட்டு வீரம்மாவையும் கூட்டிக்கிட்டு அட்டனுக்குப் படம் பாக்கப் போயிட்டாங்களே. ஏதோ பாஸ் கெடச்சுதாம். மாஸ்டர், சோறு எங்க இருக்குன்னு ஒங்ககிட்ட ஏதும் சொன்னாங்களா?"

கையை எடுத்தேன். ஜன்னல் அசையவில்லை. நான்தான் ஆடிப்போனேன். உள்ளே ஓடிக் கோட்டுப் பையைத் துழாவினேன். காலி.

பொழுது சாயும்போது பஸ்ஸில் வந்து இறங்கினாள். வாசலில் புலிபோல நின்றேன். உறுமுவதற்குள், "கூட்டம் நல்லபடியா முடிஞ்சுதாங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். புலி வாயை மூடிக்கொண்டது.

ஈரத்துணியை எடுத்துக் காய்ந்த சோப்பை ஒரே இழுப்பில் வழித்தாள். கண்ணாடியில் அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் வெள்ளை வெள்ளையாக என் பத்து விரலும்.

"ஏங்க, நாள் பூரா வெளியிலதானே நின்னீங்க? அப்படியே அந்தப் பக்கத்தையும் தொடச்சிருக்கக் கூடாதா?"