பல் மருத்துவரின் சோலார் விளக்கு

உலகத்தில் எத்தனையோ ரகம் மனிதர்கள். அதில் சோலார் விளக்குக்காரர் ஒரு தனி ரகம். உங்கள் தெருவில் இல்லையென்றால் அடுத்த தெருவில் நிச்சயம் இருப்பார்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்தின் நடுவே இடுப்பில் கைவைத்து, பிரசவ அறை வாசலில் நிற்கிற கணவன் மாதிரி நிற்பார். பகலில் யாராவது வந்துவிட்டாலும் விடமாட்டார். வெயில் வாங்கும் சோலார் தகட்டை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, உள்ளே எல்.இ.டி. எரிகிறதா என்று நம்மைக் குனிந்து பார்க்கச் சொல்வார். குனியாமல் காபி வராது. இருட்டியதும் வீட்டு விளக்குகளை எல்லாம் அணைக்கச் சொல்வார். ஏன்? தோட்டத்து விளக்கு தெரிய வேண்டாமா! பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா கண்குளிரப் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

எனக்குத் தெரிந்தவர் பல் மருத்துவர். வீட்டின் முன்னறைதான் சிகிச்சை அறை. ஊரார் வாயையெல்லாம் பளிச்சென்று வெளிச்சம் போட்டுப் பார்ப்பவர் வீட்டில் கொல்லைப்படி மட்டும் கும்மிருட்டு. தோட்டத்தில் முப்பத்தொரு விளக்கு. படியில் ஒன்றுகூட இல்லை. மதில் நிழலில் வெயில் விழாதாம்.

நூலகத்தில் வேலை பார்க்கும் மனைவி அந்த வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். போன மாதம் அங்கே சறுக்கி விழுந்து, இரண்டு வாரம் கணுக்காலில் கட்டோடு நடந்தார். கட்டை அவிழ்த்த அன்றே, படிக்கு ஒரு பல்பு வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவருடைய அக்கா கணவர், அதாவது நம் மருத்துவரின் சகலை, எலெக்ட்ரீஷியன். அரை மணி நேர வேலை என்றார்.

"முப்பத்தொரு லைட்டு வெச்சிருக்கிற வீட்ல வயர் இழுக்கறதா? வெளியில சொன்னா சிரிப்பாங்க சகலை."

"விழுந்தா உள்ள அழுவாங்களே, அது பரவாயில்லையா?"

கடைசியில் மனைவியே ஒரு தீர்ப்புச் சொன்னார். ஒரு வாரம் தவணை. தினமும் தான் வரும்போது படியில் சோலார் வெளிச்சம் இருந்தால் வயர் வேண்டாம். ஒருநாள் தவறினாலும் சகலை வருவார்.

மனிதர் பட்ட பாட்டைக் கேளுங்கள். தோட்டத்து விளக்கில் ஒன்றைப் படிக்கு மாற்றினார். காலையில் படியிலிருந்து விளக்கைக் கழற்றி வெயிலில் வைப்பார்; மணிக்கொரு முறை ஓடிப்போய்ச் சூரியன் பக்கம் திருப்புவார்; அந்திக்குள் மறுபடி படியில் மாட்டுவார். நாற்காலியில் வாயைப் பிளந்தபடி கிடக்கும் நோயாளிக்கு, டாக்டர் எங்கே போனார் என்று கேட்கவும் வழியில்லை. இப்படியே மூன்று நாள் ஓடியது.

நான்காம் நாள் வானம் மூடிக்கொண்டது. சூரியன் வராவிட்டால் என்ன, படித்த மூளை சும்மா இருக்குமா?

அன்று மதியம் கடைவாய்ப் பல் வலியோடு சகலை வந்தார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சிகிச்சை நாற்காலி சாய்த்து விடப்பட்டிருந்தது. அதில் தலையணை வைத்து, அந்தச் சோலார் விளக்கு மல்லாந்து படுத்திருந்தது. மேலே, வாய்க்குள் பார்க்கிற பெரிய விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் டாக்டர்.

"என்ன சகலை, இவருக்கு எந்தப் பல்லு?"

டாக்டர் விளக்கின் தலையணையைச் சரிசெய்தார். கரண்டில் ஒரு விளக்கை எரித்து, அந்த வெளிச்சத்தைத் தகட்டுக்கு ஊட்டி, அதை வைத்து இன்னொரு விளக்கை எரிப்பதைவிட, தான் சொன்ன ஒரே ஒரு வயர் அவ்வளவு பெரிய குற்றமா என்று, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சகலை கேட்டார்.

சாயங்காலம் மனைவி வந்தபோது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சகலையும் டாக்டரும் கொல்லைக் கதவருகே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மாள் முதல் படியில் கால் வைத்தார். விளக்கு ஒருமுறை சிமிட்டியது. அணைந்தது.

இருட்டுக்குள்ளிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"அத்தான், வயர் கொண்டு வந்திருக்கீங்களா?"

கொண்டு வந்திருந்தார். பல்வலியோடே பல்பு மாட்டினார். இப்போது அந்த அம்மாள் இரண்டு கையிலும் பையோடு ராணி மாதிரி படியேறுகிறார். டாக்டருக்குத்தான் ஒரு மனக்குறை. பல்பு வெளிச்சத்தைப் பகல் என்று நினைத்து, பக்கத்திலிருக்கும் பன்னிரண்டு சோலார் விளக்கும் எரிய மாட்டேன் என்கின்றனவாம். மனைவி ஏறி முடித்ததும் பல்பை அணைத்துவிடலாமா என்று பேச்சுவார்த்தை நடக்கிறது.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நாளை காலை எழுந்ததும் ஜன்னல் வழியே வானத்தைப் பாருங்கள். மேகத்தைப் பார்த்து, துணி காயாதே என்று கவலைப்பட்டால் நீங்கள் சாதாரண மனிதர். தோட்டத்துப் பிள்ளைகள் இன்றைக்குப் பட்டினி கிடக்குமே என்று தவித்தால், டாக்டர் தோட்டத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். டாக்டருக்குப் பேச்சுத்துணை வேண்டுமாம்.