சர் ஆம்ப்ரோஸின் மூக்கு

ஆல்டர்கோட் மாளிகை, நார்ஃபோக்.
ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி ஹம்ப்ரிக்கு அத்தை அர்சுலா எழுதிக்கொண்டது. இங்கே நானும் நாய்களும் சுகம். கூரை மட்டும் சுகமில்லை. லண்டனில் நீயும், பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் உன் மனைவியும் சுகம் என்றே நம்புகிறேன். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "பக்கத்து வீட்டுக்காரரோடு எதற்கு வம்பு, படத்தைக் கொடுத்துவிடுங்கள்" என்று மட்டும் இருந்தது. கொடுக்க மாட்டேன். இதற்கு மேல் படிக்கப் பொறுமை இருந்தால் படி.

சாப்பாட்டு அறையில் படமாகத் தொங்கும் நம் முன்னோர் சர் ஆம்ப்ரோஸ் மங்கிப் போய்விட்டாரே என்று, என் போதாத காலம், பழைய படங்களைச் சுத்தம் செய்யும் மிஸ் பென்ரோஸை வரவழைத்தேன். அந்தப் பெண் ஏணியில் ஏறி, குச்சியில் பஞ்சைச் சுற்றி, மூலையில் இருக்கும் நம் குடும்பச் சின்னத்தைத் தடவினாள். நம் சிங்கம் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் மூன்று வாத்து! "மேடம், சிங்கம் ரொம்பப் பின்னாடி யாரோ தீட்டுனதுங்க. இவரு உங்க குடும்பத்து ஆளே இல்ல போலிருக்கு" என்கிறாள், ஏதோ டீ ஆறிப்போச்சு என்று சொல்வது மாதிரி. அந்த வாத்துகள் யார் வீட்டு கேட்டில் உட்கார்ந்திருக்கின்றன என்று உனக்கே தெரியும்.

விஷயம் சர்ச் வாசல் வரை போய், மறுநாளே அந்த வாத்து கேட்டுக்காரன், பக்கத்து வீட்டு மேஜர் க்ரம்லி, வண்டியோடு வந்து நின்றான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வெட்கம் கிடையாது. "அர்சுலா, எங்க பாட்டனை இத்தனை காலம் பத்திரமா வெச்சிருந்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ். ஒரு கை பிடிச்சா ஏத்திடலாம்" என்றான். எனக்கு வந்ததே கோபம்! "வாத்து உன்னுதுன்னா வாத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டுப் போ. மேல நிமிந்து அந்த மூக்கைப் பாரு. அப்புறம் உன் மூக்கைத் தொட்டுப் பாரு" என்றேன். பாவம், தொட்டுப் பார்த்தான். சட்டைப் பட்டன் அளவுகூட இல்லை. வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

மூக்கு பொய் சொல்லுமா ஹம்ப்ரி? இந்த வீட்டில் ஞானஸ்நானம் ஆன குழந்தையை சர் ஆம்ப்ரோஸ் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, மூக்கு ஒத்துப்போன பிறகுதானே கேக் வெட்டுகிறோம்? உன்னைத் தூக்கிப் பிடித்தது நான்தான். கத்தின கத்தில் நாய் ஓடிப்போச்சு. என் கதை உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இந்த மூக்குக்காக என்னைக் கழுகு, கழுகு என்பார்கள். நடன விருந்தில் ஒருத்தன் கை நீட்டியதில்லை. வீட்டுக்கு வந்து அவர் எதிரே உட்கார்ந்து அழுவேன். எலிசபெத் ராணி காலத்து மனுஷன், இதே மூக்கை வெச்சுக்கிட்டு இடுப்புல கை ஊன்றி என்ன திமிரா நிக்கறாரு, எனக்கென்ன குறைச்சல்னு கண்ணைத் துடைச்சுப்பேன். அவரையா வண்டியில ஏத்தச் சொல்றே? நீ வா, மேஜர் வரட்டும், ராஜாவே வரட்டும், அசைய மாட்டேன். நாளைக்கு மேஜரைக் கூப்பிட்டு நிறுத்தி, அவன் கண்ணெதிரிலேயே அந்த மூக்கை நன்றாகத் துடைத்துக் காட்டும்படி மிஸ் பென்ரோஸிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் மனைவிக்கு சுகப்பிரசவம் ஆகட்டும். உனக்கு நல்ல புத்தி வரட்டும்.

அன்புள்ள அத்தை,
அர்சுலா

பி.கு.: தபாலில் போடுவதற்குள் விடிந்துவிட்டது. மேலே எழுதியதை அடுப்பில் போடு. மிஸ் பென்ரோஸ் துடைத்தாள். மூக்கு பஞ்சோடு வந்துவிட்டது. அதைத் தீட்டியதும் சிங்கம் தீட்டிய அதே கைதானாம். அடியில் பட்டன் மூக்கு. மேஜருக்குத் தாடி ஒட்டி நிறுத்தின மாதிரி இருந்தது. படத்தை வண்டியில் ஏற்ற நானே ஒரு பக்கம் பிடித்தேன். பஞ்சை மட்டும் கொடுக்கவில்லை. "அதுவும் எங்க படத்துலேர்ந்து வந்ததுதானே?" என்றான். "மூக்கு எங்களுது, நட" என்றேன்.

யோசித்துப் பார். இந்த வீட்டில் யாரோ ஒருத்தர், இதே மூக்கோடு, ஊர் சிரிப்பைத் தாங்க முடியாமல், துணைக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்று ஓவியனைக் கூப்பிட்டு, யாருடையதோ ஒரு படத்தின் மேல் தன் மூக்கைத் தீட்டச் சொல்லியிருக்கிறார். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. என் முன்னோர் அவர்தான். பஞ்சு பிஸ்கட் டப்பாவில், கணப்பின் மேல், படம் இருந்த இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. குழந்தை பிறந்ததும் தூக்கிக்கொண்டு வா. டப்பா பக்கத்தில் பிடித்துப் பார்க்காமல் கேக் கிடையாது.