பதினோரு மணி மயக்கம்

எழுத்தர் மயங்கி விழுந்து இருபது நிமிடமாகியும் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தத்துச் சிமெண்டுத் தரை அடுப்பில் ஏற்றிய சட்டிபோல முதுகைச் சுட்டது. கண்ணைத் திறக்கவும் வழியில்லை.

நகராட்சியின் வெப்ப அலை ஒத்திகை அது. வெயிலில் ஒருவர் சுருண்டு விழுந்தால் எத்தனை நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வருகிறது என்று சுகாதார அதிகாரிக்குத் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் சொல்லவில்லை, மக்களுக்கும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கு மட்டும் எல்லாரும் நல்ல பிள்ளையாகிவிடுவார்கள் என்பது அவர் வாதம். மயங்கி விழும் பொறுப்பு பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தருக்கு வந்தது. மதியம் மேஜையில் தலை சாய்த்தால் மின்விசிறி கழன்று விழுந்தாலும் அசையாத மனிதர் என்று அலுவலகத்தில் அவருக்கு நல்ல பெயர்.

"நான் மறைவா நின்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். ஆஸ்பத்திரிக்காரங்க வந்து தொடுறதுக்கு முன்னால நீங்க கண்ணைத் திறந்தீங்க, உங்க பதவி உயர்வுக் கோப்பு கண்ணை மூடிடும்" என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

ஒன்பது வருடமாக நகராத கோப்பு. எழுத்தர் மூச்சைக்கூட அளந்துதான் விட்டார்.

"காலையிலேயே ஏத்திட்டான்" என்று ஒரு குரல் அவரைத் தாண்டிப் போனது. மானம் போனால் போகிறது, நாலு பேர் கூடினால்தானே வேலை நடக்கும் என்று எழுத்தர் லேசாக முனகினார்.

அந்த முனகல்தான் வினையாயிற்று. பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் ஓடி வந்து ஒரு வாளித் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்தார். மூக்கில் ஏறிய தண்ணீரை எழுத்தர் கோப்பை நினைத்து விழுங்கிக்கொண்டார். பேருந்துக்கு நின்ற ஆசிரியை ஒரு கையால் விடைத்தாள் கட்டால் விசிறியபடி, மறு கையால் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அந்த இடத்துக்கு ஏற்கெனவே வண்டி கிளம்பிவிட்டதாகப் பதில் வந்தது. நம்ம ஊர் ஏற்பாடு அப்படியொன்றும் மோசமில்லை என்று எழுத்தருக்குப் படுத்த வாக்கிலேயே பெருமை.

சைரன் நெருங்கி வந்தது. எங்கோ நின்றது. பிறகு தேய்ந்து தேய்ந்து மறைந்தது. நடுவில் இரண்டு பேருந்துகள் நின்றதால் அது என்ன செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

"நம்மளைப் பார்க்காமலே போயிட்டாங்க" என்றார் ஆசிரியை.

செருப்புக் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆளில்லை. அந்த வழியே வந்த ஐஸ் வண்டியை மறித்தார். நாலு பேராக எழுத்தரைத் தூக்கி இரண்டு ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் கிடத்தினார்கள். முதல் ஐந்து நிமிடம் சொர்க்கமாக இருந்தது. அதற்கப்புறம் பல் தந்தியடித்தது. கைகால் வெடவெடவென்று உதறியது.

"உடம்பு தூக்கிப் போடுது பாருங்க, சூடு இன்னும் இறங்கல. நெஞ்சு மேல ஒரு கட்டி வைங்க" என்றார் கடைக்காரர். வைத்தார்கள்.

எழுந்து உட்கார்ந்துவிடலாமா என்று எழுத்தர் ஒரு கணம் யோசித்தார். அதிகாரி ஜீப்பில் பின்னாலேயே வந்துகொண்டிருந்தால்? மூடியிருந்த கண்ணை இன்னும் இறுக மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தெர்மாமீட்டரைப் பார்த்தார். உதறிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். வெயிலில் விழுந்தவர் என்று சொல்லி, விறைத்துப்போன ஆளைக் கொண்டுவந்திருக்கிறீர்களே என்று கடைக்காரரைக் கேட்டார். பிறகு நாடி பார்க்க எழுத்தரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

தொட்டாயிற்று. எழுத்தர் கண்ணைத் திறந்தார். அதற்குள் அவர்மேல் மூன்று கம்பளிகள் ஏறியிருந்தன.

"சிஸ்டர், எனக்கு ஒண்ணும் இல்ல. இது நகராட்சி ஒத்திகை. சந்தேகமா இருந்தா எங்க சுகாதார அதிகாரியைக் கூப்பிட்டுக் கேளுங்க."

நர்ஸ் நாலாவது கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"பேசாம படுங்க. வெயில் தலைக்கேறினா எல்லாரும் இப்படித்தான் உளறுறீங்க. முக்கால் மணி நேரத்துக்கு முன்னாடி, அதே நிறுத்தத்துக்கு எதிர்ல மொட்டை வெயில்ல விழுந்து கிடந்தாருன்னு ஆம்புலன்ஸ்ல வந்தவரும் இதே ஒத்திகைக் கதையைச் சொல்லிட்டு, தான்தான் சுகாதார அதிகாரின்னு பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்காரு."