குழாயடியில் நான் எட்டி உதைத்த மூடி

எனக்கு வயது எழுபத்தொன்பது. பெற்றது ஐந்து, கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஏழும் நல்லாத்தான் இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வருவதைப் படித்தால் என்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள்.

என் பேத்தி கவிதா தினம் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். போன ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தாள். இன்னாடி என்றேன்.

"யூனிக்ஸ் சர்வர்னு ஒண்ணு பாட்டி. அதுல தற்காலிக ஃபைலுங்க வருது. யாரு வைக்கறாங்கன்னு தெரியல. போய்ப் பாக்கறதுக்குள்ள காணாம போவுது. இடம் பூரா அடைச்சிக்குது."

"எடுத்து வீசு."

"தெரியாம வீசக்கூடாது பாட்டி. அது நம்மளுதாவே இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பாடத்தை நான், கவிதாவின் அப்பன் என் வயிற்றில் இருக்கும்போதே படித்தாயிற்று. (பள்ளிக்கூடத்தில் படித்தது இரண்டாவது வரைக்கும்தான். எழுத்துக்கூட்டித்தான் இதையும் எழுதுகிறேன்.)

அப்போது தங்கச் சுரங்கத்தை ஒட்டின பாலகாட்டில் லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாகத் தகரக் கூரை வீடுகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே குழாய். மத்தியானச் சங்கு ஊதி, இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கின பிறகுதான் தண்ணீர் விடுவார்கள். அதுவரை வெயிலில் யார் நிற்பது? அதனால் காலையிலேயே ஆளுக்கொரு பொருளை வைத்து இடம் பிடிப்பார்கள். நீலாக்காவுக்கு ஓட்டை அண்டா. சரோஜாவுக்குச் சுண்ணாம்பு பூசின கல். எது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் மட்டும் எதுவும் வைக்க மாட்டேன். "காலு கீறவளுக்குக் கல்லு எதுக்கு?" என்று நடுக்குழாயடியில் நின்று சொன்னவள் நான். என் வீட்டுக்காரர் ஒரு நாள், "உண்டாகிக் கீற, நான் ஒரு தகரம் வெச்சுட்டுப் போறேன்" என்றபோது, "எனக்கு எவனும் இடம் புடிக்கத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டேன். (எவனும் என்றா சொன்னேன்? ஆமாம், சொன்னேன்.)

அதற்கப்புறம்தான் அந்த மர்மம் ஆரம்பித்தது.

வரிசையின் முன்னால், நீலாக்காவின் அண்டாவுக்குப் பக்கத்தில், யாருடையது என்றே தெரியாத பொருள் ஒன்று இருக்கும். ஒரு நாள் செங்கல். ஒரு நாள் பிய்ந்த செருப்பு. ஒரு நாள் ஈயப் பாத்திரத்தின் மூடி. தண்ணீர் வரும், யாரும் வந்து என்னுடையது என்று சொல்ல மாட்டார்கள். செய்வினை என்று ஒருத்தி தள்ளி நிற்பாள். உன்னுதுதான், இல்லை உன்னுதுதான் என்று சண்டை நடக்கும். அதற்குள் பாதித் தண்ணீர் போய்விடும். கடைசியில் நிற்கிற எனக்குக் குழாயிலிருந்து காற்றுதான் வரும்.

எனக்கு வெறி வந்துவிட்டது. எது இருந்தாலும் ஓங்கி ஒரு உதை. ராத்திரி சாப்பாடு போடும்போது அவரிடம் பெருமையாகச் சொல்வேன்.

"இன்னிக்கு ஒரு மூடிங்க. விட்டேன் ஒண்ணு, சாக்கடையில போய் வுழுந்துது."

"நல்ல மூடியா?" என்பார்.

"நல்ல மூடிதான்."

"பாவம்" என்று சோற்றைப் பிசைவார்.

நான் சும்மா விடுகிற ஆளா? கவனித்தேன். ஒரு வாரம் வருகிறது, அப்புறம் இரண்டு வாரம் காணவில்லை. அப்புறம் மறுபடி வருகிறது. இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் மட்டும்! கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சரோஜாவின் புருஷனுக்கும் அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். (என் புருஷனுக்கும் அதே ஷிப்ட்தான் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.)

குழாயடியைக் கூட்டித் தீர்ப்பும் சொன்னேன். "கையும் களவுமா புடிக்கறேன். எவ வூட்டு ஆளா இருந்தாலும் சரி, அவ ஒரு மாசம் கடைசியிலதான் நிக்கணும்."

"எவளா இருந்தாலுமா?" என்றாள் சரோஜா.

"எவளா இருந்தாலும்."

குழாய்க்குப் பக்கத்தில் பழைய தார் டிரம் ஒன்று படுத்துக் கிடந்தது. மறுநாள் சங்குக்கு முன்னால் அதற்குள் தவழ்ந்து போய் ஒளிந்துகொண்டேன். வயிற்றில் ஐந்து மாதம். உள்ளே போகும்போது சிரமம் ஒன்றும் தெரியவில்லை. தலை உள்பக்கம், கால் வெளிப்பக்கம் என்பதால் எனக்குத் தகரத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்பதும் போன பிறகுதான் தெரிந்தது. நீலாக்காவும் சரோஜாவும் சுவருக்குப் பின்னால் நின்றார்கள்.

செருப்புச் சத்தம் கேட்டது. எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"புடிங்கடி!" என்று டிரம்முக்குள்ளிருந்து கத்தினேன். "வுடாதீங்க! ஒரு மாசம் கடைசி! சரோஜா, உன் புருஷன்தானே? எங்கிட்ட ஏமாத்த முடியுமா?"

முதலில் ஒரு சிரிப்பு. அப்புறம் இரண்டு சிரிப்பு. பின்பக்கமாக வெளியே வரப் பார்த்தேன். வயிறு விடவில்லை. யாரோ இரண்டு காலையும் பிடித்து மெதுவாக இழுத்தார்கள். கைப்பிடி தெரிந்த கைப்பிடியாக இருந்தது.

தார் முகத்தோடு நிமிர்ந்தேன். என் வீட்டுக்காரர். பக்கத்தில், சாக்கடையிலிருந்து எடுத்துக் கழுவின அதே மூடி.

"நீங்களா?" என்றேன்.

"நீதான் வேணான்னியே" என்றார். "ஆளில்லாத எடம் முன்னால கெடந்தா, எவளா இருந்தாலும் பேசாம போய் நின்னுக்குவா. நீயும் நிப்பேன்னு பாத்தேன். நீ எட்டி ஒதைக்கிறே."

அத்தனை நாளும் என் இடத்தை நானே உதைத்துத் தள்ளிவிட்டு, கடைசியில் நின்று அழுதிருக்கிறேன்.

சரோஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னாக்கா, தீர்ப்பு மாறுதா?"

"மாறாது" என்றேன். வேறென்ன சொல்வது? வாய் என்னுடையது. அவர் சங்குக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினார். ஓடும்போதும் தோள் குலுங்கிக்கொண்டே போயிற்று.

மறுநாள் குடத்தோடு போய் வரிசையின் கடைசிக்கு நடந்தேன். அங்கே, எல்லாருக்கும் பின்னால், ஒரு மரப்பெட்டி கவிழ்த்து வைத்திருந்தது. கடைசி இடத்தையும் எனக்காக முன்னாலேயே பிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனுஷன்.

எல்லாரும் என் காலையே பார்த்தார்கள். நான் உதைக்கவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்தேன். அந்த மாசம் முழுவதும், ஷிப்ட் மாறின வாரங்களிலும், பெட்டியை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி தூக்கிப் போனது நான்தான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நடுவழியில் ஒரு செருப்போ சொம்போ கிடந்தால், ஏழு பிள்ளைகளில் ஒன்று கத்தும்: "அம்மாவைக் கூப்புடாதீங்க, ஒதைச்சுடுவாங்க. அப்பா வெச்சதா இருக்கும்."

கவிதா அந்த ஃபைல்களை வைத்தது யார் என்று புதன்கிழமை கண்டுபிடித்தாள். அவளே எப்போதோ எழுதி, மறந்துபோன ஏதோ ஒரு புரோகிராம் வைத்ததாம். என் ரத்தம்தானே.

இந்தா கவிதா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து இதை எனக்குப் படித்துக் காட்டு. டிரம் வருகிற இடத்தில் மட்டும் குரலை இறக்கிக்கொள். பக்கத்து வீட்டுச் சரோஜாவுக்குக் காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது.